நேர்ந்தது நான், நடந்தது அவர்

பயப்படுவதற்கு எனக்கு யாரும் காரணம் எடுத்துத் தர வேண்டியதில்லை. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்தவள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட நான் பயத்தில் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, தை மாதத்திலிருந்து ஆனி முடியும் வரை அவரிடம் மூச்சுவிடாமல் இருந்தேன்.

தையில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் பெயிண்ட் கடையில் டப்பா இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குப் போனோம். ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ கையில் கொடுத்தார்கள், கீழே வைக்க மனசு வரவில்லை. அப்போதுதான் கோமதி அம்மனிடம் வாய்விட்டுச் சொன்னேன்: தாயே, இவரை எழுப்பிக் கொடு, ஆடித்தபசுக்கு உன் கோயிலை நூற்றியெட்டுச் சுற்று இவரையே சுற்ற வைக்கிறேன்.

எங்கள் சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஆடிச்சுற்று சுற்றுவது வழக்கம். வேண்டிக்கொண்டவர்கள் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் எழுந்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், சமதரையில் மெதுவாக நடக்கலாம், வெயிலும் கூட்டமும் ஆகாது, மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டே இருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சுற்றுகிறேன் என்று நேர்ந்திருக்கலாம். மொட்டை போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பிழைக்க வேண்டிய நெஞ்சையே கொண்டுபோய்ப் பந்தயம் கட்டிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

காலையில் பல் விளக்கும்போது அவர் தொண்டையைக் காறுவது தெருக்கோடி வரை கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது மானக்கேடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்கும் வரை அடுப்படியில் கை ஓடாது. கேட்ட பிறகுதான் தோசைக்கல்லை வைப்பேன். ஈரத்துண்டை நாற்காலியில் போடுவதைப் பார்த்தும் சாம்பாருக்கு உப்பு பத்தவில்லை என்று முனகுவதைக் கேட்டும் உள்ளூர நன்றி சொல்லிக்கொண்டேன். உடனேயே, இந்த நன்றிக்கு ஆடியில் பதில் சொல்ல வேண்டுமே என்று காலண்டரைப் பார்ப்பேன்.

நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே யாருக்கோ நேர்ந்த கதை போல விசாரித்தேன். பெண்டாட்டி சுற்றினால் பாதிப் புண்ணியம் அவருக்கு என்றார் ஒருவர். சொன்ன சொல்லை அப்படியே செய்யாவிட்டால் அம்மன் கனவில் வந்து கேட்பாள் என்றார் இன்னொருவர். எனக்கு எது மனசில் தங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் உடைத்துவிட்டேன். அவள், "நேந்தது நீ, நடக்கது அப்பாவா?" என்றாள்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

"ஏட்டி, என் காலை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிக் குடுத்திட்டியே."

நான் அழுதேன். அவர் கணக்குப் போட்டார். திருவிழா பன்னிரண்டு நாள், தினம் ஒன்பது சுற்று, விடியக்காலம் வெயிலுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம். போனில் டாக்டரிடம் கேட்டோம். மெதுவாகப் போகட்டும், மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும் என்று பழையதையே சொன்னார்.

முதல் நாள் அவர் முன்னால், நான் பின்னால். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் உள்ளங்கையில் வேர்த்து ஊறியது. அவர் ஒரு தூணைப் பார்க்க நின்றால்கூட மாத்திரையை நீட்டப் போவேன். அம்மனைப் பார்க்கவே இல்லை, அவர் முதுகைத்தான் பார்த்தேன். எத்தனையாவது சுற்று என்று அவர்தான் விரல் மடக்கினார்.

நான்காம் நாள் அவர் திரும்பிப் பார்த்து நடையைக் குறைத்தார். அதற்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். இருபத்தேழு வருஷத்தில் நாங்கள் இப்படிச் சேர்ந்து நடந்ததில்லை. கடைக்கு அவர் போவார், ஆபீஸுக்கு நான் போவேன், விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். இப்போது மாவு புளித்துவிட்டதையும், புளியங்குடியில் எலுமிச்சை விலை இறங்கியதையும், மகள் போனில் இருமியதையும் பேசிக்கொண்டே ஒன்பது சுற்று முடிந்துவிடும். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடிப்போம், அவருக்குச் சீனி இல்லாமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எனக்குள் சொல்லிக்கொள்ளவே பயம், என் கண்ணே பட்டுவிடுமோ என்று.

கடைசி நாள் விடியும் முன்பே கூட்டம் நெரித்தது. ஏழாவது சுற்று முடியும்போது அவர் பேச்சு நின்றது. பார்த்தால் வாயால் மூச்சு விடுகிறார், நெற்றியெல்லாம் வேர்வை. கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்தேன். வலி இல்லை, அசதிதான் என்றார். நான் நம்பவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டு மறுபடி எண்ணினேன். மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது.

"இன்னும் ரெண்டுதான இருக்கு, முடிச்சிருவோம்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

ஆறு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த இரண்டு சுற்றுக்காகத்தான். சொன்ன சொல் தவறினால் என்ன ஆகும் என்று எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருப்பேன். ஆனால் அவர் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தேன்.

"வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

"நேத்திக்கடனாச்சேட்டி. அம்மன் கேக்க மாட்டாளா?"

"கேட்டா என்கிட்ட கேக்கட்டும். மிச்சத்த அடுத்த ஆடிக்குச் சுத்துங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அடுத்த ஆடிக்கு ரெண்டு" என்றார்.

"ரெண்டு இல்ல, ஒண்ணுதான்" என்றேன். "இன்னொண்ணு அதுக்கடுத்த ஆடிக்கு."