பதினோராம் விதி

மகன் படிவத்தைத் திருப்பி, பின்பக்கமும் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான்.

"மூணாவது தடவை படிக்கிறே," என்றாள் அம்மா. "மணி மூணேகால்."

"படிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு அவருதானே சொல்லுவாரு."

அப்பா உள்ளறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் மேல் கறுப்புக் கோட்டை மடித்து வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு மூச்சு நின்றது. விதிப்படி, எட்டு மணி நேரத்துக்குள் உடலை மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி வண்டி வாசலில் நின்றது.

நாற்பது வருடம் அந்தக் கல்லூரிக்கு அவர்தான் வக்கீல். கல்லூரி நிற்கிற நிலத்தை வழக்காடி மீட்டவர். அங்கீகாரம் ரத்தாக இருந்தபோது காய்ச்சலோடு நின்று வாதாடித் தடை வாங்கியவர். விதிப்புத்தகம் முழுக்க அவர் எழுதியது. உடல் தானம் பற்றிய பதினோராம் விதியும்தான். ஒரு தடவை, தன்னைக் கேட்காமல் அப்பாவின் உடலைக் கொடுத்துவிட்டார்கள் என்று வேறொரு குடும்பத்து வெளியூர் மகள் வழக்குப் போட்டு, பாதி அறுத்த உடலைத் திரும்ப வாங்கிப் போனாள். அன்று மாலையே அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா தட்டச்சு செய்தார்: இறப்புக்குப் பின் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் கல்லூரி ஏற்காது.

அவருக்கு வாரிசு இரண்டு பேர். அம்மா ஒன்பது மணிக்கே போட்டுவிட்டாள்.

மகனும் அதே கல்லூரியில் மூன்று வருடம் படித்தவன். தேர்வில் காலுறைக்குள் துண்டுச்சீட்டோடு பிடிபட்டான். வக்கீல் முகத்துக்காக ஒரு வருடம் நிறுத்தினால் போதும் என்றது கல்லூரி விசாரணைக் குழு. "ஊரான் பிள்ளைக்கு ஒண்ணு, என் பிள்ளைக்கு ஒண்ணா?" என்று நிரந்தரமாக நீக்கும் விதியை எடுத்துக் காட்டினார் அவர். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அம்மா, "ஒரு வருஷம் போதாதாங்க?" என்று கேட்டாள்.

"விதின்னா விதிதான். மோர் ஊத்து."

மகன் நீதிமன்றம் போனான். கல்லூரிக்காக அவரே வந்து நின்றார். கூண்டில் நின்றவன், "அப்பா, நான்..." என்று ஆரம்பித்தான். அவர் நீதிபதி பக்கம் திரும்பி, "சாட்சி என்னை வக்கீல் ஐயான்னு கூப்பிடணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வெள்ளைத்தாளைக் கொடுத்து, துண்டுச்சீட்டில் இருந்ததை அப்படியே எழுதச் சொன்னார். கையெழுத்து ஒத்துப்போயிற்று. பின்பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பதினேழு வருடமாக மகன் மருந்துக் கம்பெனிப் பையோடு டாக்டர்கள் அறை வாசலில் காத்திருக்கிறான். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் அவனோடு படித்தவர்கள்.

மூன்றே முக்காலுக்கு வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு கையெழுத்துதானே சார். ராஜ்யத்தையா எழுதித் தரச் சொல்றோம்?"

"குமாஸ்தா சார், ஒரு காபி கிடைக்குமா?" என்றான் மகன், பக்கத்தில் நின்ற அப்பாவின் பழைய குமாஸ்தாவிடம்.

காபி வந்தது. அதை ஆறவைத்துக் குடித்தான்.

"அவர் கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதாண்டா. உன் கால்ல விழட்டுமா?"

"வேண்டாம்மா. உனக்கு முட்டி வலிக்கும்."

சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது. அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். நாலு ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டு, மையை ஊதி, குமாஸ்தாவிடம் நீட்டினான். "என் கையெழுத்துதானான்னு ஒத்துப் பாத்துக்குங்க. வக்கீல் ஐயா கேப்பாரு."

குமாஸ்தா அழுதார்.

"அட, அஞ்சு நிமிஷம்தானே," என்றார் வண்டிக்காரர். "மூணு அம்பதுன்னு போட்டுக்கறேன். யாரு பாக்கப் போறா? பெரியவரைத் தூக்கலாமாம்மா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"வேண்டாம். வண்டியை எடுத்துட்டுப் போங்க."

"அம்மா?" என்றான் மகன்.

"விதின்னா விதிதான்," என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மின்மயானத்தில் எரித்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. இறந்த பின்னும் தன் உடலைக் கல்லூரிக்குத் தந்தவர் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்திருந்தது. வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார், குமாஸ்தா முந்தின நாள் மதியமே கொடுத்துவிட்டிருந்தார். கல்லூரியில் மாணவர்கள் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். பத்து மணிக்கு உடற்கூறியல் வகுப்பு நடந்தது. குமாஸ்தா படிவத்தில் 'காலம் கடந்தது' என்று எழுதிக் கோப்பில் வைத்தார். பதினோரு மணிக்கு மகன் ஒரு டாக்டர் அறை வாசலில் இருந்தான். அவனுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள்.