பள்ளத்தில் தேங்கிய குளிர்

எண்பதுகளில் கடலோரக் கல்முனைக்குடியிலிருந்து மலையகத்து நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போன புவியியல் ஆசிரியன் நான். மனைவியோடும் கைக்குழந்தையோடும் பள்ளத்தாக்கின் அடியில் வாடகைக்குக் குடியிருந்தேன்.

"இஞ்ச பனிமழை பெய்யுமா?" என்று மனைவி பயந்தாள்.

"நம்மட நாட்டு மலைக்கு அந்தளவு உயரமில்ல" என்றேன்.

மேலே சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பால் கொண்டுவரும் பெண் எச்சரித்தாள்: "தை மாசம் குளிர் எறங்கி பள்ளத்துல தேங்குமுங்க. எங்க லயத்துப் பக்கம் மேல வந்துருங்க."

"மேலே போனால் குளிர் கூடத்தான் செய்யும்" என்று அவளுக்கே பாடம் நடத்தினேன்.

"ஒருக்கா அவ சொல்றதக் கேளுங்களேன்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, எங்கள் முற்றத்துப் புல் வெள்ளையாக உறைந்திருந்தது. மேலே லயத்தருகே புல் பச்சையாகவே இருந்தது. குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. குழந்தைக்கு மூச்சு இழுத்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டது; அன்றே அடக்கினோம்.

அந்தப் பெண்தான் என் மனைவியைத் தன் லயத்தில் வைத்துப் பார்த்தாள். இருவருமே என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருப்பேன்.