எழுத்து அழியாத தோட்டாப் பெட்டி

பழைய தோட்டாப் பெட்டிக்கு உயிர், அதன் மேல் பட்டாளத்தார் அச்சிட்ட எழுத்தில் இருக்கிறது. அது போனால் விறகு. இந்தப் பெட்டி சேர்க்கும் நோய் பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரியலூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, எழுத்து முழுசாக உள்ள பெட்டி ஒன்றுக்காக நெடுநாள் அலைந்தேன்.

மஞ்சள் குங்குமம்

செட்டிகுளத்தில் ஒரு விவசாயி அப்படியொரு பெட்டியில் விதை வெங்காயம் வைத்திருந்தார். விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி வந்தேன். போனால் பெட்டி பளபளக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம். என் முகத்தைப் பார்த்து, வேலை போதவில்லை என்று நினைத்துவிட்டார்.

“அழுக்கா குடுத்தா நல்லாவா இருக்கும் சார்? அந்த எழுத்துதான் போவேனான்னு அடம் புடிச்சுது. வுடுவனா நான்!”

குடிலுக்கு அடியில்

அடுத்தது ஏலாக்குறிச்சிப் பக்கம், ஒரு டீச்சர் வீட்டில். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேடையாகப் போட்டிருந்தார்கள். வைக்கோலை விலக்கினேன், ஓர் எழுத்தும் மங்கவில்லை. தருகிறேன் என்றார். ஆனால் ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடியாமல் குடிலைக் கலைக்கக் கூடாது. அதுவரை யாரும் துடைத்துவிடக் கூடாதே என்று அடிக்கடி போய்க் குனிந்து பார்த்துக்கொண்டேன். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் குழந்தை இயேசுவப் பாக்க வராங்க. நீங்க ஒருத்தர்தான் சார் அவருக்கு அடியில பாக்குறீங்க.”

டவுன் பஸ்

திருநாள் முடிந்து பெட்டியை பஸ்ஸில் ஏற்றினேன். கல்லூரி மாணவி ஒருத்தி அதன் மேலிருந்த ஆங்கிலத்தைப் படித்து, “வெடிமருந்தாம்” என்று சத்தமாகத் தமிழில் சொன்னாள். என்னைச் சுற்றி இருக்கைகள் காலியாயின. மூடியைத் திறந்து, டீச்சர் உள்ளே அள்ளிப் போட்டிருந்த குடில் வைக்கோலைக் காட்டியும் ஒருவரும் திரும்பி வரவில்லை. கண்டக்டர் மட்டும் வந்தார்.

“வெடிச்சா அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல லக்கேஜ் டிக்கெட் எடுங்க.”

வீட்டு ஓனர்

வாசலிலேயே ஓனர் படித்துவிட்டார். எழுத்தை அழிக்க வேண்டும், அல்லது பெட்டியை வெளியே போட வேண்டும், இரண்டும் முடியாதென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாயங்காலம் வந்து பார்ப்பாராம். உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். கை நகரவில்லை. பெட்டி என்றாலே முகம் சுளிக்கும் என் மனைவி, “குடுங்க இப்படி” என்று உப்புத்தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெட்டியைப் போர்வையால் மூடி மேலே ஒரு தலையணையும் போட்டாள். ஓனர் வந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், பரண் மேல் எட்டிப் பார்த்தார். பிறகு அந்தத் தலையணை மேல் உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டார்.

“அதத் தூக்கிப் போட்டீங்கல்ல, இப்பதான் வூட்டுக்குள்ள பயமில்லாம உக்கார முடியுது.”

எழுத்தைத் தேடி ஊர் ஊராகப் போன நான், இப்போது அதை ஒருவரும் படித்துவிடாதபடி போர்வை போட்டு, ஓனர் வரும்போதெல்லாம் அவரையும் மேலே உட்கார வைத்துக் காப்பாற்றி வருகிறேன்.