பாலத்தில் பேசிய ஜெர்மன்

முக்கூடலிலிருந்து வந்த எனக்குத் திருநெல்வேலிதான் பெருநகரம். மீனாட்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்துகொண்டு, தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை பார்த்தேன். ஜெர்மனியில் வேலைக்குப் போகலாம் என்று முப்பத்தாறு வயதில் தோன்றியது. அதற்கு அந்த மொழியில் பரீட்சை எழுத வேண்டும். வண்ணாரப்பேட்டையில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். மற்ற எல்லாரும் அப்போதுதான் படிப்பை முடித்திருந்த பிள்ளைகள்.

“வகுப்புல மட்டும் பேசினா மொழி வராது. வெளிய போயும் பேசுங்க” என்றார் ஆசிரியை. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே பஸ் ஏறப் போவார்கள். என்னை ‘அக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஆனால் கூடச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம் வழியாக நடந்தே அறைக்குத் திரும்புவேன். முதல் நாள் எனக்கு நானே ஜெர்மனில் பேசிக்கொண்டு நடந்தபோது, பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். மறுநாளிலிருந்து போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்த இலக்கணத்துக்குச் சின்ன வாக்கியங்கள்தான் வந்தன. என் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்காது. தமிழில் யாரிடமும் சொல்லாததெல்லாம் அந்த மொழியில் கூச்சமில்லாமல் வந்தது.

பாலம் முடிகிற இடத்தில் ஓர் அக்கா வண்டி போட்டுத் துணி தேய்ப்பாள். என் யூனிஃபார்மை அவளிடம்தான் கொடுப்பேன். ஒருநாள் கேட்டாள்.

“தெனமும் யாருகிட்ட பேசுதிய சிஸ்டர்? வீட்டுக்காரரா?”

ஏன் தலையாட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை.

“அவுக எங்கன இருக்காவ?”

“ஜெர்மனில.”

“நல்லா இருக்கட்டும்” என்றாள். அதன்பிறகு நான் போனோடு வந்தால் பேச்சுக் கொடுக்க மாட்டாள். துணியை மட்டும் நீட்டுவாள். இருந்த ஒரு பேச்சுத்துணையையும் அந்தப் பொய்யால் நானே இழந்தேன்.

பரீட்சை முடிவு வந்தது. எழுதுவதிலும் பேசுவதிலும் பாஸ். காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் ஃபெயில். அன்றைக்குப் போனை எடுக்காமல் வண்டியருகே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வீட்டுக்காரர் கூட சண்டையா?”

“அப்படி யாரும் இல்லக்கா.”

“தெரியும்” என்றாள். “அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தா நீங்க எப்பவாச்சும் நிறுத்திக் கேப்பியள்லா? மூச்சுவிடாமப் பேசிக்கிட்டே வருவிய. பைத்தியம்னு நெனைக்கல சிஸ்டர். ஏதோ கஷ்டம்னு நெனைச்சேன்.”

அழுகை வரவில்லை. பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். “அப்ப இங்கன உக்காந்து கேளுங்க” என்று ஸ்டூலை நகர்த்தினாள். ஏழு மாதம், டூட்டி இல்லாத சாயங்காலங்களில், ஜெர்மன் உரையாடல்களைப் போனில் சத்தமாகப் போட்டுக் கேட்டேன். அவள் தேய்த்தபடி, “இப்ப அந்தப் பொம்பள என்ன சொல்லுதா?” என்பாள். ரயில் தாமதம் என்கிறாள், வாடகை அதிகம் என்கிறாள் என்று நான் தமிழில் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்காமல் எதையாவது சொன்னால், “இல்லையே, அவ கோவமால்லா பேசுதா” என்பாள். பல தடவை அவள் சொன்னதுதான் சரி.

இரண்டாம் முறை பாஸானேன். அறையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். “அப்போ போயிருவியா?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லப் பாலத்துக்குப் போனேன். வண்டி தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பக்கத்து டீக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“அவ குலசை கோயிலுக்குப் போயிருக்கா, தசராவுக்கு. வர நாலு நாளாவும். துணி ஏதும் குடுத்திருந்தியளா?”

“இல்ல அண்ணாச்சி, சும்மாதான் வந்தேன்” என்றேன்.

ஒரு டீ வாங்கி நின்றுகொண்டே குடித்தேன். கூட்டம் கூட்டமாக ஆட்கள் பாலத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.