படியில் விழாத மகள்

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். கோலியர்ஸ் வுட் வீட்டின் முன் யன்னலுக்கும் குசினிக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தேன். மகள் பத்து மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபத்தேழு வயதுப் பிள்ளையை எப்படி மறிப்பது?

முதல் நாளே சொல்லியிருந்தாள். லண்டன் தெருக்களில் ஒரு பெருங்கூட்டம் உடுப்பில்லாமல் சைக்கிள் ஓடும் ஊர்வலம். வாகனக்காரருக்குச் சைக்கிளோடுகிறவர்கள் கண்ணில் படுவதேயில்லை, இப்படியாவது படட்டும் என்பதற்காக.

"உடுப்புப் போட்டும் ஓடலாமோ?" என்று கேட்டேன்.

"ஓடலாம். அது அவையவையின்ர விருப்பம்."

"அப்ப போட்டுக்கொண்டு ஓடன் பிள்ளை."

"போட்டா எப்பிடியம்மா தெரியும்?"

அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்கு விளங்கியது. முந்தின ஒக்டோபரில், வேலைக்குப் போகும் வழியில், இடப்பக்கம் திரும்பிய லொறி ஒன்று அவளை அடித்து விழுத்தியது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெட்டி, உள்ளே தகடு வைத்தார்கள். அவள் மயக்கம் தெளியுமுன்பே, ஆஸ்பத்திரியில் நின்றபடி, சனத்துக்குச் சொல்ல நான் ஒரு கதை தயாரித்துவிட்டேன். வீட்டுப் படியில் சறுக்கி விழுந்தாள், கால் சுளுக்கு, அவ்வளவுதான். அந்த நேரம் அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். இடுப்பில் தகடு என்றால் பிள்ளை பெறுவாளா என்று கேட்பார்கள்.

பார்க்க வருகிறோம் என்றவர்களுக்கெல்லாம் சாட்டுச் சொன்னேன். விம்பிள்டன் கோயிலுக்குப் போன அன்று ஊன்றுகோலைக் காரிலேயே விடச் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உள்வீதி சுற்றினாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு எங்கேயும் வருவதில்லை.

"நீர் பேசாமல் வீட்டில இரும்" என்றார் என் கணவர். இரண்டு மணிக்கு ரயில் ஏறிவிட்டேன். அவளைத் திருப்பிக் கூட்டிவரவா, லொறி ஏதும் வருகிறதா என்று பார்க்கவா, எனக்கே தெரியவில்லை.

ஊர்வலம் வரும் என்று அவள் சொல்லியிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றேன். முதலில் மணிச் சத்தம், பிறகு விசில், பிறகு அவர்கள். தொந்திகள், நரைத்த மார்புகள், முதுகு முழுக்கப் பச்சைச் சாயம். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சில்லுகளையே பார்த்தேன்.

"அக்கா! நீங்களோ?"

கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது எனக்குப் பக்கத்தில் இருக்கும் பெண். பின்னால் இரண்டு விருந்தினர்.

"கனடாவில இருந்து வந்ததுகளுக்குப் பார்லிமெண்டைக் காட்டுவம் எண்டு கூட்டிவந்தனான். இப்ப அதுகள் எங்க பார்லிமெண்டைப் பாக்குதுகள்! ஐயோ, இந்தச் சனத்துக்குக் குளிராதோ?"

சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் முன்னால் சிவப்பு விளக்கு விழுந்து ஊர்வலம் நின்றது. பத்தடி தூரத்தில் என் மகள் ஒரு காலை ஊன்றி நின்றாள். தலைக்கவசமும் சப்பாத்தும் மட்டும். தழும்பின் இருபுறமும் சிவப்புச் சாயத்தால் கோடு கீறியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு அதை நான் காணவேயில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தானேதான் மருந்து போடுவாள். நான் நினைத்திருந்ததை விட நீளம்.

"அக்கா... அது உங்கட மகளெல்லோ?"

இல்லை என்று சொல்லலாம். அவள் முகத்திலும் சாயம் இருந்தது. சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் என்னைக் கண்டுவிட்டாள். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம். என்ர மகள்தான்."

"கால்ல என்ன அது?"

"லொறி அடிச்சது. உள்ளுக்குத் தகடு. படியில விழேல்லை. நான் பொய் சொன்னனான்."

சத்தமாகத்தான் சொன்னேன். விசில்களுக்கு நடுவே அவளுக்குக் கேட்டதோ தெரியாது. விளக்கு மாறியது. சைக்கிளை உந்திக்கொண்டு போனாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கோயில் பெண் என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பொழுதுபடுவதற்குள் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் எங்கள் சனம் வரை தெரிந்துவிடும். போகிற சைக்கிளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் நோகுதோக்கா, பிள்ளைக்கு?"

எட்டு மாதமாக என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கேட்க நான் விடவில்லை. குளிசை போட்டாயா, கிளினிக்குக்குப் போனாயா, வழியில் யாராவது கண்டார்களா என்றெல்லாம் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"தெரியாது தங்கச்சி" என்றேன். ஊர்வலம் எந்தப் பூங்காவில் முடியும் என்று பொலிஸ்காரரிடம் விசாரித்துவிட்டு, அந்தப் பக்கம் வேகமாக நடக்கத் தொடங்கினேன்.