சீரில் வந்த ஃபிளாட் டிவி

ராஜபாளையத்தில் அந்தக் கடையின் நடுவே நின்று, ஓடிக்கொண்டிருந்த டிவியின் கண்ணாடியை அப்பா உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சடசடவென்று சத்தம் கேட்டது. அவர் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தபடி துணியை எடுத்து அப்பாவின் கைத்தடத்தைத் துடைத்தார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு டிவியையும் அதே மாதிரி தடவினார். ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். நூலோ துணியோ, கைக்குப் பட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். என் கல்யாணச் சீருக்கு டிவி வாங்க வந்திருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது.

இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் ஒரே கிரிக்கெட் மேட்ச். ஒன்று நாங்கள் வழக்கமாகப் பார்த்த டிவி, கண்ணாடி முன்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். மற்றது ஜன்னல் கண்ணாடி போலத் தட்டை. புதிதாக வந்திருந்த அதற்கு ஃபிளாட் டிவி என்று பெயர். "படம் ரெண்டுலயும் ஒண்ணுதானே வருது?" என்றார் அப்பா. "ஒண்ணுதாண்ணே, ஆனா இது ஃபிளாட்டு" என்றார் கடைக்காரர். "ஃபிளாட்டா இருந்தா என்ன?" "டியூப்லைட் வெளிச்சம் அடிக்காது. ஓரமா உக்காந்தாலும் படம் தெரியும். இனிமே எல்லாம் இதுதாண்ணே." அப்பா ஓரமாகப் போய் நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? இரண்டு டிவியிலும் ஒரே ஆள்தான் அவுட் ஆனான்.

அன்றைக்கு வாங்காமலே திரும்பினோம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவரெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தட்டைக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிடும் என்றார் ஒருவர். புடைத்தது பழைய சரக்கு, அதைக் கொடுத்தால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள் என்றார் மற்றொருவர். கேட்கக் கேட்க அப்பாவுக்குக் குழப்பம்தான் கூடியது. வேலை முடிந்து வரும் வழியில் மறுபடி மறுபடி அந்தக் கடைக்குப் போய் நின்றார். கடைசியில் ஒரு நாள் ஃபிளாட் டிவிக்குச் சொல்லிவிட்டு வந்து, "போற எடத்துல எம் புள்ளைய யாரும் எளக்காரமாப் பேசிரக்கூடாதுல்ல" என்றார். டிவி எது நல்லது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் தேர்ந்தெடுத்தது என் மரியாதையை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாழப்போன வீட்டில் மாமியாரும் கணவரும் மட்டும்தான். கணவர் ராணுவத்தில் இருந்தார். லீவு முடிந்து அவர் கிளம்பும்வரை டிவி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை, கேபிள்காரர் அதற்கு அப்புறம்தான் வந்தார். டிவியைப் போட்டோம். செய்தி வாசிக்கும் பெண் தெரிந்தாள். அந்தப் பெண் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கிக் கிடந்த மாதிரி இருந்தது. கடையில் மேட்ச் பார்த்த நினைப்பில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். குழி குழியாகவே இருந்தது. மாமியார் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

மறுநாள் அவர் தையல் மிஷினில் உட்கார்ந்து கெட்டித் துணியில் டிவிக்கு ஓர் உறை தைத்தார். முகம் மட்டும் தெரியவிட்டுத் தைப்பது ஊர் வழக்கம். இவர் தைத்த உறை டிவியின் தலையிலிருந்து கால்வரை மூடியது. அக்கம்பக்கத்தார் நாடகம் பார்க்கலாமா என்று வந்தால், "கேபிளு வரலம்மா, பொறவு வாங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார். நான் போடப் போனாலும், "கரண்டு ஏறி எறங்குது, வேண்டாம்" என்பார். மற்ற எதிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். அதனால்தான் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என் அப்பா கொடுத்த பொருள் என்றால் மட்டும் இந்த மனுஷிக்கு என்ன கோபம்? துணி மூடிய அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடவே, கடைக்காரர் அப்பாவை ஏமாற்றிவிட்டாரோ என்ற பயமும் உள்ளுக்குள் அரித்தது.

தலைப்பொங்கலுக்கு அப்பா கரும்பும் பானையுமாகப் பஸ்ஸில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அவர் கண் இரண்டு மூன்று தடவை அந்த உறைமேல் போய்த் திரும்பியது. புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவியளுக்குப் பிடிக்கலையோம்மா? கடைக்காரர்ட்டச் சொல்லி மத்ததையே மாத்திக் குடுத்துருதேன். நீ சங்கடப்படாத" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், "எங்கப்பா வாங்கிக் குடுத்ததை எதுக்கு அத்தை இப்படி மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மாமியார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "ஏட்டி, மெதுவாப் பேசு. ஒங்கப்பாரு காதுல விழுந்துரப் போவுது. பாவம், கடைக்காரன் அவர நல்லா ஏமாத்திப்புட்டான். கண்ணாடி உள்ள அமுங்கிக் கெடக்கு. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாளுக? பொண்ணுக்கு ஓட்டைச் சாமானக் குடுத்து அனுப்பிட்டாருன்னு தெருவெல்லாம் பேச்சாப் போவும். அதான் மூடி வச்சேன். எம் மகன் வரட்டும், சத்தமில்லாம ரிப்பேர் பாத்துக்கிடலாம்னு இருந்தேன்."

இத்தனை நாள் அவமானம் என்று நான் நினைத்துப் புழுங்கியது, என் அப்பாவுக்காக அவர் தைத்த மறைப்பு. திரும்பினால் அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது. நேராக வந்து உறையை எடுத்தார், டிவியைப் போடச் சொன்னார், பார்த்தார். அவருக்கும் குழியாகத்தான் தெரிந்திருக்க வேண்டும், ஓர் எட்டுப் பின்னால் போய் மறுபடி பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தையல் மிஷினிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து அறுத்தார். இரண்டு கையாலும் அதை விறைப்பாகப் பிடித்துக் கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வைத்தார். மேலே, நடுவில், கீழே, குறுக்காக. எங்கேயும் இடைவெளி இல்லை, நூல் முழுக்கக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. "நீங்களே பாருங்க தங்கச்சி" என்றார்.

மாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நூலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "நேராத்தான் இருக்குண்ணே. எங் கண்ணுதான் கோணல்" என்று சிரித்தார். அப்பா அன்று பஸ்ஸை விட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் போனார். அடுத்த நாளே உறை அடுப்படியில் கரித்துணியாகிவிட்டது. பக்கத்து வீட்டாரை மாமியாரே கூப்பிட்டு உட்காரவைத்தார். யாராவது, "என்னக்கா, உள்ள போன மாதிரி இருக்கு?" என்று இழுத்தால், "நூலு புடிச்சிப் பாத்தாச்சு. ஃபிளாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே போடாகப் போடுவார்.

எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. நூல் நேர் என்றது, கண் குழி என்றது. எதை நம்புவது? சில மாதம் போன பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், குழியைக் காணோம். பிறந்த வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த பழைய டிவிதான் அம்மைக்கட்டு வந்த கன்னம் மாதிரி வீங்கித் தெரிந்தது. பிறந்ததிலிருந்து புடைத்த கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நேரான ஒன்று பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்ததும் மாமியாரிடம், "உங்களுக்கும் இப்ப நேராத் தெரியுதா அத்தை?" என்று கேட்டேன். "தெரியாம என்னட்டி?" என்றார் சட்டென்று.

இப்போது சுவரில் தொங்குவது என் மகன் வாங்கியது, பலகை மாதிரி மெல்லியது. அதை வாங்கும்போது கடையில் எல்இடி, ஓஎல்இடி, கியூஎல்இடி என்று அவன் அடுக்க அடுக்க, அப்பா நின்ற மாதிரியே நானும் திருதிருவென்று விழித்தேன். புதியது வந்த அன்று, அப்பா கொடுத்த பழைய டிவியைக் கேட்டு கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டவர். அப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டிருந்தன. வண்டியில் டிவியை ஏற்றும்போது மாமியார் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து அவரிடம் சொன்னார்: "ஏலே, போட்டுப் பாத்துட்டுப் பழுதுன்னு திருப்பிக் கொண்டாந்துராத. கண்ணாடி உள்ள அமுங்குன மாதிரித்தான் தெரியும். எம்புட்டு வருசம் பாத்தாலும் அப்படித்தான் தெரியும். யாரு கேட்டாலும் நேரா இருக்குன்னு சொல்லிரு."

வண்டி போனபின் மாமியாரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தேன். "அப்ப உங்களுக்கு ஒரு நாளும் நேராத் தெரியலையா அத்தை?"

"ஒங்கப்பாரு அன்னைக்கு நூலப் புடிச்சிக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. வேற என்னட்டி சொல்லச் சொல்லுத?"