செல்லமாகச் சொன்ன வார்த்தை

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் கொதி அக்கா. டாக்டர்கள் அடுத்தவர் வாய்க்குள் விட்டு எடுத்த குறடு, கண்ணாடி, கொக்கிக் கம்பி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, காகித உறையில் போட்டு ஒட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து எடுப்பது அவள் வேலை. உறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். அது நிறம் மாறினால்தான் சூடு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் பட்டையைப் பார்க்காமல் ஒரு உறையைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை.

இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் அவளுடையது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்துவிடுவாள். வெளிதேசத்துப் பாடகன் ஒருவன் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். கறுப்பின இளைஞன். பாட ஆரம்பித்தால் ஓரிடத்தில் நிற்கமாட்டான்; ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறிக் குதிப்பான்.

"அவன் பாடறதுல உனக்கு என்னடி புரியுது?" என்பான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க பேசறது புரிஞ்சா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன்?"

அந்தப் பாடகனின் ரசிகர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள். யார் எந்த மொழியில் எழுதினாலும் கீழே ஒரு பொத்தான் இருக்கும். தொட்டால் அவரவர் மொழிக்கு மாறிவிடும். அந்தப் பொத்தானின் தயவில் கிடைத்தவள்தான் பஸ்காரி.

எங்கோ ஒரு நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவளும் கறுப்பினத்தவள், பள்ளிக்கூடம் போகிற ஒரே மகனைத் தனியாக வளர்க்கிறாள். இருவரையும் சேர்த்து வைத்தது கால்வலி. 'நின்னு நின்னு என் கால் வீங்குது' என்று இவள் ஒருநாள் எழுத, 'உக்காந்து உக்காந்து என் கால் வீங்குது' என்று அவள் எழுதினாள். அதிலிருந்து வீங்கிய பாதங்களைப் படமெடுத்து மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்வார்கள். இவள் 'அக்கா' என்று எழுதுவாள். பொத்தான் அதை என்னவாக மாற்றியதோ, அங்கிருந்தும் அக்கா என்றே பதில் வரும். உடன்பிறப்பு என்று யாருமில்லாத கொதி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதில் ஓர் அக்கா கிடைத்தாள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் பஸ்காரி எழுதினாள். மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், பையன்கள் அவனைக் குரங்கு என்று கூப்பிடுகிறார்கள். படித்ததும் கொதி அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. 'விடுங்க அக்கா, பசங்கன்னா அப்படித்தான்' என்று தட்டிவிட்டு இயந்திரத்தைத் திறக்க எழுந்து போனாள். பஸ்காரி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக்கூட இவள் கவனிக்கவில்லை.

அந்த மகன்தான் இந்த வருஷம் பள்ளிக்கூட மேடையில் ஏறினான். பாடகனைப் போலவே பெட்டி மேல் தாவி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே குதித்து, மூச்சு வாங்கச் சிரித்தான். பஸ்காரி அந்த வீடியோவைக் குழுவில் எல்லோரும் பார்க்கப் போட்டிருந்தாள். கொதி அக்கா நான்கு தரம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. தன் மகளைச் சின்ன வயதில் எப்படிக் கொஞ்சுவாளோ அப்படியே கை எழுதியது: 'அட என் குரங்குக் குட்டி! என்ன தாவு தாவுது பாரு! தூக்கி மடியில வெச்சுக்கணும் போல இருக்கு.'

அனுப்பிவிட்டு உறைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பட்டையைப் பார்த்து அடுக்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன எழுதித் தொலைச்ச?"

"என்னடி, அந்தப் புள்ளைய நல்லாத்தானே சொன்னேன்?"

"இங்க என்னன்னு வந்திருக்கு தெரியுமா? குரங்கு தாவுதுன்னு வந்திருக்கு. மடி கிடியெல்லாம் அந்தப் பொத்தான் என்னவோ உளறி வெச்சிருக்கு. ஊரே உன்னைக் காறித் துப்புது."

"குரங்குன்னா என்னடி? உன்னை நான் தினம் சொல்றதுதானே?"

"என்னைச் சொல்லலாம். கறுப்பினத்து ஆளுங்களை மனுஷனே இல்லைன்னு சொல்றதுக்கு அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாங்களாம். அந்தப் புள்ளைய நீ எப்படிம்மா..."

மேற்கொண்டு கேட்கப் பொறுமையில்லை. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் தன்னை இனவெறி பிடித்தவள் என்கிறார்கள். பஸ்காரி மட்டும் திட்டவில்லை. 'அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?' என்று ஒரே வரி கேட்டிருந்தாள். அதற்காவது நிதானமாகப் பதில் சொல்லியிருக்கலாம். கொதி அக்காவுக்கு அப்போது ரோஷம்தான் முந்திக்கொண்டது. 'எங்க மொழியில இது செல்லம். நானும் கறுப்புதான். நீங்க தப்பா எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?' என்று எழுதி, கோபமில்லை என்று காட்டுவதற்காகக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் கடைசியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மகள் பொத்தானைத் தொட்டுப் படித்துக் காட்டினாள்.

'போன வருஷம் சொன்னேனே. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவன் மேல் வாழைப்பழத் தோலை எறிந்தார்கள். தோல் விஷயத்தை உங்களிடம் சொல்ல வந்தேன், அதற்குள் விடுங்கள் என்றீர்கள். மேடையேற அவனுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வீடியோவுக்குக் கீழே எழுதியதையெல்லாம் அவன்தான் முதலில் படித்தான், உங்கள் வரியையும் சேர்த்து.'

மகள் போனை மேஜை மேல் வைத்தாள். அடுப்பில் எதுவோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"சொன்னாங்களாம்மா உன்கிட்ட?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"சிரிச்சேன்டி. எனக்கு அது சின்ன வார்த்தையாத் தெரிஞ்சுது."

புருஷன்கூட அன்றைக்குக் கேலி பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "மன்னிப்புக் கேட்டுடு. விளக்கம் கிளக்கம் வேணாம்" என்றான்.

செல்லம், மொழி, ஊர் வழக்கு என்று ஒரு சொல்லும் இல்லாமல் எழுதினாள். 'அக்கா, புள்ளைக்கு வலிச்சிருக்கும். அன்னிக்கும் நீங்க சொன்னதை நான் காதுல வாங்கல. என்னை மன்னிச்சிடுங்க.' மகளை விட்டு அந்த மொழியில் மாற்றச் சொல்லி, திருப்பித் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லி, சரியாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தாள். பிறகுதான் அனுப்பினாள்.

போகவில்லை. பஸ்காரி இவளை பிளாக் செய்துவிட்டிருந்தாள். வீங்கிய பாதங்களின் படங்கள் மட்டும் இந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தன.

அதன் பிறகு பாடகன் புதுப் பாட்டு ஒன்று போட்டான். கொதி அக்கா இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைக் கேட்காமல் கீழே கருத்து எழுதியிருந்தவர்களின் பெயர்களையே துழாவினாள். எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் அதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"ஏம்மா, இப்பல்லாம் என்னைப் பேர் சொல்லியே கூப்பிடற? என் மேல ஏதாவது கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடி."

"அப்ப குரங்குன்னு சொல்லு. நம்ம வீட்டுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கப் போவுது?"

கொதி அக்கா ஒரு தலையணை உறையை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள்.

"எனக்குக் கேக்குதே," என்றாள். "கழுத்த விடு, வலிக்குது."